வெட்டினால் துளிர்க்காத மரம்: ரொறன்ரோ வளவில் ஸ்புரூஸும் பைனும் நடுவது எப்படி

யாழ்ப்பாணத்துக் கதியால் வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மரம் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. எவ்வளவு வெட்டினாலும் அது திரும்பத் துளிர்க்கும். கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் மொட்டையாக வெட்டி, குழையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தால் அடுத்த மாரிக்கு மறுபடி காடாகி நிற்கும். அந்த நம்பிக்கையோடுதான் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டின் முன்வளவில், ட்றைவ்வேக்கு ஒன்றரை மீற்றர் தள்ளி ஒரு நீல ஸ்புரூஸை நட்டேன். அப்போது அது என் இடுப்பளவுதான். பெரிதானால் வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் ஆண்டில் அது கார்க் கதவை உரசத் தொடங்கியது. கார்ப் பக்கத்துக் கிளைகளைத் தண்டுவரை வெட்டினேன். வெட்டிய பக்கம் அப்படியே வெறும் கட்டையாக நின்றது. அடுத்த வசந்தத்திலும் ஒன்றும் வரவில்லை, அதற்கடுத்த வசந்தத்திலும் வரவில்லை. ஒருபக்கம் தலைவாரி மறுபக்கம் மழித்த ஆள்போல மூன்று ஆண்டு நின்ற பிறகு காசு கொடுத்து அதை அகற்றினோம்.

ஸ்புரூஸ், பைன், ஃபிர் ஆகியவை ஊசியில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. யூ என்ற செடி மட்டும் விதிவிலக்கு. அது ஓரளவு துளிர்க்கும், ஆனால் அது பெரிய மரமல்ல. ஆகவே இவற்றை வெட்டிச் சிறிதாக்கலாம் என்ற எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கீழே சொல்லப்போவது பெரும்பாலும், வெட்டவேண்டிய தேவையே வராமல் நடுவது எப்படி என்பதுதான். ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் போன்ற ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். இன்னும் வடக்கே இருப்பவர்கள் குளிரைக் கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

முதலில், எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மவர்கள் எல்லாவற்றையும் "கிறிஸ்மஸ் மரம்" என்று சொல்லிவிடுகிறோம். நேர்சரியில் போய் அப்படிக் கேட்டால் எதைத் தருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு ஊசியைப் பிடுங்கி விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். நான்கு பக்கமும் விளிம்பு இருந்து சுலபமாக உருண்டால் அது ஸ்புரூஸ். தட்டையாக, உருள மறுத்து, தொட மென்மையாக இருந்தால் ஃபிர் அல்லது ஹெம்லொக். ஊசிகள் தனித்தனியாக இல்லாமல் கொத்தாக வந்தால் பைன். கொத்தில் 5 ஊசி இருந்தால் வெள்ளைப் பைன், 2 இருந்தால் சிவப்புப் பைனோ ஒஸ்திரியப் பைனோ ஸ்கொட்ஸ் பைனோ. ஊசியே இல்லாமல் செதில் செதிலாகத் தட்டை விசிறிபோல இருப்பது சீடர். நம் தெருக்களில் வேலியாக நிற்பது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று இருக்கிறது, தமராக். பார்க்க ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் பொன் மஞ்சளாகி எல்லா ஊசியையும் கொட்டிவிடும். அதை வாங்கி நட்ட ஒருவர், மரம் செத்துவிட்டது என்று நவம்பரில் கிண்டி எறிந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் பச்சை வேண்டுமென்றால் அதை வாங்காதீர்கள்.

சரி, எதை நடலாம்? பெரிய வளவு இருந்தால் என் முதல் தெரிவு வெள்ளைப் பைன். 1984 முதல் அது ஒன்ராறியோவின் மாகாண மரம். ஒருகாலத்தில் பிரித்தானியக் கடற்படையின் பாய்மரங்களுக்கென்றே வெட்டிக் கொண்டுபோன மரமும் இதுதான். காட்டில் 30 மீற்றர் தாண்டும். வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கு அரை மீற்றருக்கு மேல்கூட உயரும். காற்றில் அது எழுப்பும் சத்தத்துக்காகவே ஒன்று வைக்கலாம். ஆனால் வீதி உப்பு அதற்கு ஆகாது. இறுகிய களிமண்ணும் ஆகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருபக்கம் பழுப்பாக நிற்கும் பைன்களைக் கண்டிருப்பீர்கள், அது உப்பின் வேலை.

நடுத்தர வளவுக்கு வெள்ளை ஸ்புரூஸ் நல்லது. இந்த மண்ணுக்கே உரியது. குளிரைப் பற்றிக் கவலையே இல்லை. அடியில் 3 முதல் 6 மீற்றர் அகலத்துக்குள் பெரும்பாலும் நிற்கும். நோர்வே ஸ்புரூஸ் வேகமாக வளரும், கிளைகள் சேலை முந்தானைபோலத் தொங்கி அழகாக இருக்கும், ஆனால் அதன் அகலம் 8 மீற்றர் போகலாம். நிழலான இடமென்றால் ஹெம்லொக், பால்சம் ஃபிர், வெள்ளைச் சீடர் மூன்றும் தாங்கும். ஹெம்லொக்குக்கு ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும், வெயிற்காற்று அடிக்கும் மூலையில் வைக்கவேண்டாம். அதன் சாற்றை உறிஞ்சும் ஒரு பஞ்சுப்பூச்சி நயாகராப் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். சீடர் பொறுமைசாலி. ஈரமான சுண்ணாம்பு நிலத்திலும் நிற்கும். நயாகரா மலைச்சரிவின் பாறை இடுக்குகளில் ஆயிரம் ஆண்டு தாண்டிய வெள்ளைச் சீடர்கள் ஆளுயரம்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மான் வரும் இடங்களில், உதாரணமாக ரூஜ் பள்ளத்தாக்கை அண்டிய தெருக்களில், முதலில் கடிபடுவதும் சீடர்தான். ஸ்புரூஸை மான் அவ்வளவாக விரும்பாது.

எல்லோரும் கேட்கும் நீல ஸ்புரூஸ் பற்றி என் கருத்து: வேண்டாம். சொந்தக் கதையால் மட்டும் சொல்லவில்லை. அது கொலராடோவின் வறண்ட மலைக்காற்றுக்குப் பழகிய மரம். நம் ஊர்க் கோடையின் ஈரப்பதத்தில் ஊசிகளைத் தாக்கும் பூஞ்சணம் அதற்குச் சுலபமாகப் பிடிக்கும். பதினைந்து இருபது ஆண்டில் கீழ்க்கிளைகள் ஊசியுதிர்ந்து, பாவாடை கிழிந்ததுபோல நிற்கும். உப்பைத் தாங்கும் என்பது மட்டுமே அதற்கு நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை.

இடம்: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

வீட்டுக்குக் கொண்டுவரும்போது இருக்கும் அளவைப் பார்க்காதீர்கள். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு அதன் அடி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். உயரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அகலத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த மரங்கள் கூம்பு. அகலமெல்லாம் தரையில்தான், நாம் நடமாடும் உயரத்தில்தான் இருக்கிறது. மேப்பிள் மரத்துக்குக் கீழே காரை விடலாம், ஸ்புரூஸுக்குக் கீழே விடமுடியாது.

ஒரு கயிறும் ஒரு தடியும் எடுங்கள். மரம் நடவிருக்கும் இடத்தில் தடியை ஊன்றுங்கள். முழு அகலத்தின் பாதியைக் கயிற்றில் அளந்து (வெள்ளை ஸ்புரூஸுக்கு 3 மீற்றர், வெள்ளைப் பைனுக்கு 5 மீற்றராவது) வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் கல் வைத்துக்கொண்டு வாருங்கள். வட்டம் வீட்டுச் சுவரையோ ட்றைவ்வேயையோ நடைபாதையையோ பக்கத்து வேலியையோ தொட்டால் தடியை நகர்த்துங்கள். வீட்டுச் சுவரிலிருந்து அந்த வட்டத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை இரண்டு மீற்றர் விடுங்கள். ஆள் போய்வர, ஏணி வைக்க, சுவருக்குக் காற்றுப்பட அது தேவை. நகர்த்த இடமே இல்லையென்றால் உங்கள் வளவுக்குப் பெரிய மரம் பொருந்தாது என்று அர்த்தம். ஒடுக்கமாக வளரும் சீடர் வகை ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது நல்லது. புதிய குடியிருப்புகளில் 9 மீற்றர், 10 மீற்றர் அகலக் காணியில் நிற்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பிறகு மேலே பாருங்கள். ஹைட்ரோ வயருக்கு, அதாவது மின்சாரக் கம்பிக்குக் கீழே நடவேண்டாம். நட்டால் ஒருநாள் மின்சார நிறுவனத்து ஆட்கள் வந்து நடுத்தலையை வெட்டிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது திசை. குளிர்காலக் காற்று இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். வீட்டுக்கு அந்தப் பக்கங்களில் நின்றால் மரம் காற்றைத் தடுத்துச் சூடேற்றும் செலவைக் குறைக்கும். தெற்கே நட்டால் நேர்மாறு. குளிர்காலச் சூரியன் தாழ்வாக வருவதால், கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் அது மறைத்துவிடும். ட்றைவ்வேயின் தெற்குப் பக்கத்திலும் வேண்டாம். நிழல் விழுந்த இடத்தில் ஐஸ் உருகாமல் மார்ச் வரை கிடக்கும்.

எல்லைக் கோட்டில் நட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோவின் வனச்சட்டப்படி, தண்டு எல்லையில் நிற்கும் மரம் இரண்டு வீட்டாருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் வெட்டினால் அது குற்றம். ஊரில் எல்லைப் பனைக்கும் எல்லை வேலிக்கும் நடந்த வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ரொறன்ரோ நகரில் இன்னொரு விதியும் உண்டு. தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், உங்கள் சொந்த வளவில் நீங்கள் நட்ட மரமே என்றாலும் அனுமதியில்லாமல் வெட்டமுடியாது. மற்ற நகரங்களுக்கு வேறு அளவு, உங்கள் நகரசபையில் கேளுங்கள். பிழையான இடத்தில் வைத்த மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடமுடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது

சிறிய மரமாக வாங்குங்கள். மூன்று மீற்றர் உயர மரத்தைப் பார்த்தால் கைக்காசு துறுதுறுக்கும்தான். ஆனால் அப்படி மரத்தைக் கிண்டும்போது வேரின் பெரும்பகுதி வயலிலேயே தங்கிவிடுகிறது. அது இழந்த வேரை மீண்டும் வளர்க்கும் ஆண்டுகளில், ஒரு மீற்றர் உயரத்தில் வைத்த சின்னமரம் விறுவிறுவென்று வந்துவிடும்.

சட்டியில் இருப்பதானால் வெளியே இழுத்து வேரைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை. வேர் சட்டியைச் சுற்றிக் கயிறுபோல முறுகியிருந்தால் வேறு மரம் எடுங்கள். சாக்கும் கம்பிக் கூடையும் சுற்றி வருவதானால் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தண்டு தனியாகவும் மண்ணுருண்டை தனியாகவும் ஆடினால் வேண்டாம். நடுத்தலை ஒன்றே ஒன்றாக, நேராக இருக்கவேண்டும்.

நட நல்ல காலம் இரண்டு. நிலம் இளகிய பின் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் ஒன்று. ஓகஸ்ட் நடுவிலிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை மற்றது. அதற்குப் பிந்தினால், வேர் பிடிக்க நேரமில்லாமல் மரம் குளிரை எதிர்கொள்ள நேரிடும்.

கிடங்கு வெட்டி நடுதல்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால், நிலத்துக்கடியில் குழாயும் வயரும் எங்கே போகின்றன என்று காட்டித்தரும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குச் சொல்லுங்கள். இலவசம்தான், ஒரு வாரம் முன்னரே சொல்லவேண்டும். ஆட்கள் வந்து நிலத்தில் வண்ணம் பூசிவிட்டுப் போவார்கள். மஞ்சள் காஸ், சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், செம்மஞ்சள் தொலைபேசி இணையம், பச்சை கழிவுநீர். உங்கள் பாபிகியூவுக்கோ நீச்சல் தொட்டிக்கோ நீங்களே போட்ட குழாயை அவர்கள் காட்டமாட்டார்கள். அதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கிடங்கை மண்ணுருண்டையைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் மட்டும் உருண்டையின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தென்னம்பிள்ளைக்கு ஆழக் கிடங்கு வெட்டிப் பழகிய கைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, மெஷின் ஏறி இறுக்கிய களிமண்ணின் மேல்தான் புல் விரித்திருக்கிறார்கள். அதில் ஆழக் கிடங்கு வெட்டினால் அது தண்ணீர் வடியாத வாளியாகிவிடும், வேர் மூச்சு முட்டிச் சாகும். களிமண் என்றால் உருண்டையின் மேல் விளிம்பு தரைமட்டத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் மேலே நிற்கட்டும்.

அடுத்த வேலையைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள். உருண்டையின் மேல்மண்ணை விரலால் கிளறி, தண்டு அகன்று முதல் பெரிய வேர் பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நேர்சரிகளில் அது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலதிக மண்ணை எடுத்துவிட்டு அந்த இடம் தரைமட்டத்தில் (களிமண்ணானால் மேலே சொன்ன அளவுக்கு உயர்ந்து) தெரியும்படி நடுங்கள். அதைப் புதைத்து நட்ட மரம் ஐந்தாறு ஆண்டு நன்றாக நின்றுவிட்டுப் பிறகு காரணம் தெரியாமல் வாடும்.

சட்டி மரமானால் உருண்டையின் வெளிப்புறத்தை 2, 3 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சுற்றிவரச் சீவிவிடுங்கள். கொடுமைபோலத் தோன்றும், ஆனால் வேர் வெளியே ஓடுவதற்கு வேறு வழியில்லை. சாக்கு மரமானால் முதலில் மரத்தைக் கிடங்கில் நிமிர்த்திவிட்டு, தண்டில் கட்டிய கயிற்றை முழுவதும் அறுத்து, கம்பியிலும் சாக்கிலும் மேல்பாதியையாவது வெட்டி எடுங்கள். தண்டில் விட்ட நைலோன் கயிறு சில ஆண்டில் கழுத்தை நெரித்துவிடும்.

கிண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். எருவும் வேண்டாம், உரமும் வேண்டாம். கிடங்கில் மட்டும் நல்ல மண் போட்டால் வேர் அந்த மெத்தையைவிட்டு வெளியே போகாது. பாதி நிரப்பியதும் தண்ணீர் விட்டு மண்ணை இருத்தி, மீதியை நிரப்புங்கள். காலால் மிதித்து இறுக்கவேண்டாம். மேலே மரச்சீவல் மல்ச்சை 5 முதல் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் அகலமாகப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக இருக்கட்டும். பிள்ளையார் பிடித்ததுபோலத் தண்டில் மல்ச்சைக் குவித்திருக்கும் காட்சி இந்த நகரம் முழுவதும் உண்டு, பார்த்துப் பழகாதீர்கள். தண்டு அழுகும், எலி அதற்குள் குடியிருந்து பட்டையைக் கடிக்கும். முட்டுக்கம்பு பெரும்பாலும் தேவையில்லை. காற்று மோசமான இடமென்றால் ஓராண்டுக்குக் கட்டி, மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீரும் முதல் குளிர்காலமும்

முதல் இரண்டு மூன்று ஆண்டு, மழை இல்லாத வாரங்களில் 20 முதல் 40 லீற்றர் தண்ணீர், வேரடியில் மெல்ல ஊறும்படி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது பயனில்லை. விரலை மல்ச்சுக்குக் கீழே மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஈரமிருந்தால் அன்றைக்கு வேண்டாம். புல்லுக்கு அடிக்கும் ஸ்பிரிங்ளர் ஊசியை நனைத்துக்கொண்டே இருக்கவும் கூடாது, பூஞ்சணத்துக்கு அது விருந்து.

இலைமரங்கள் ஒக்ரோபரில் உறங்கிவிடும். இவற்றின் ஊசி குளிர்காலம் முழுவதும் ஈரத்தை இழந்துகொண்டிருக்கும், ஆனால் நிலம் உறைந்தபின் வேரால் தண்ணீர் எடுக்கமுடியாது. பெப்ரவரி, மார்ச்சில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது தென்மேற்குப் பக்கத்து ஊசிகள் கருகுவது இதனால்தான். எனவே நவம்பரில் நிலம் உறையும்வரை தண்ணீர் விடுவதை நிறுத்தாதீர்கள். வெளிக்குழாயை மூடிவிட்டால் வாளியில் தூக்கிக்கொண்டு போங்கள். இளமரத்துக்குக் காற்றுப் பக்கமாக மூன்று தடி நட்டுச் சாக்குத் துணியால் ஒரு மறைப்புக் கட்டலாம். நம் ஊர்க் கிடுகு வேலி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தையே இறுக்கிப் பொதிசெய்யவேண்டாம், பிளாஸ்ரிக் கூடவே கூடாது.

அப்படியும் கருகினால் ஏப்ரலிலேயே கத்தரிக்கோலோடு ஓடாதீர்கள். ஊசி செத்தாலும் மொட்டு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ஜூன் தொடக்கம்வரை பொறுத்து, துளிர்க்காததை மட்டும் எடுங்கள்.

பயப்படவேண்டியதும் வேண்டாததும்

செப்ரெம்பர் கடைசியில் வெள்ளைப் பைன் உள்பக்கமெல்லாம் மஞ்சளாகும். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். இரண்டு மூன்று ஆண்டுப் பழைய ஊசியை அது கொட்டுகிறது, அவ்வளவுதான். சீடரும் உள்ளே இப்படிப் பழுப்பாகும். கிளை நுனி பச்சையாக இருந்தால் கவலை இல்லை. நுனி பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால்தான் யோசிக்கவேண்டும். விழுந்த ஊசியை அங்கேயே விடுங்கள், நல்ல மல்ச். அது மண்ணைப் புளிப்பாக்கிப் புல்லைக் கொல்கிறது என்பது பெரும்பாலும் கதை. புல் வராததற்குக் காரணம் நிழலும் வறட்சியும்.

ஸ்புரூஸ் ஊசிகள் வெளிறிப் புழுதி படிந்ததுபோலத் தெரிந்தால் கிளைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். மிளகுத்தூள் அளவுப் புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினால் முதலில் போதும். காலைநேரத்தில் செய்யுங்கள், பின்னேரத்துக்குள் ஊசி உலர்ந்துவிடும்.

கத்தரிக்கோலை எங்கே வைப்பது

முடிந்தவரை வைக்காதீர்கள். அடர்த்தி வேண்டுமென்றால் பைனில் மெழுகுதிரிபோல எழும் புதுத்துளிர் ஊசி விரிக்கும் முன், ஜூன் அளவில், அதன் பாதியைக் கையால் ஒடித்துவிடலாம். ஸ்புரூஸில் அந்த ஆண்டுத் துளிரின் நுனியைத் தட்டலாம். சீடரைப் பச்சைக்குள் மட்டும் வெட்டலாம். எதிலும் ஊசியில்லாத பகுதிக்குள் போகக்கூடாது. கீழ்க்கிளைகளைத் தூக்கி வெட்டும் ஆசையும் வேண்டாம், போனது போனதுதான்.

இரட்டைத் தலை கண்டால் சின்னதிலேயே ஒன்றை எடுத்துவிடுங்கள். தலையே செத்துப்போவதும் உண்டு. வெள்ளைப் பைனின் நுனித்துளிருக்குள் ஒரு வண்டின் புழுக்கள் புகுந்து தின்னும். ஜூன், ஜூலையில் நுனி வாடிக் கைத்தடியின் பிடிபோல வளைந்து தொங்கும். எங்கள் இரண்டாவது வீட்டுப் பைனுக்கு அது வந்தது. ஜூலை முடிவதற்குள், வண்டு வெளியே பறக்கும் முன், செத்த பகுதியை நல்ல கட்டைவரை வெட்டி எரித்துவிடவேண்டும். பிறகு மேல் வளையத்துப் பக்கக்கிளைகளில் பலமான ஒன்றைத் தெரிந்து, ஒரு மூங்கில் கம்பைத் தண்டோடு கட்டி, அந்தக் கிளையை மெல்ல நிமிர்த்தி அதில் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிவிடவேண்டும். மற்றக் கிளைகளின் நுனியைக் கொஞ்சம் குறைத்தால் போட்டி இருக்காது. இரண்டு கோடையில் அது தானே நிமிர்ந்துகொண்டது, கம்பை எடுத்துவிட்டேன். மரம் இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. என் தோளுயரத்தில் மட்டும் தண்டில் ஒரு சின்னக் கோணல் தெரியும். பேரப்பிள்ளைகள் அதில்தான் கால் வைத்து ஏறுகிறார்கள்.